அளவு பிடித்தவர்

"எதில் பி.ஏ.?" என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது. சரித்திரமும் சித்திரமும் என்று சொன்னால், "ரெண்டும் சேர்ந்தா?" என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். பாயசத்தில் கருவாட்டைப் போட்டுக் கொடுத்த மாதிரி. அந்தப் பார்வையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், பிற்காலத்தில் வெறும் பி.ஏ. என்றே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

ஐம்பதுகளின் நடுவில் சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் அந்தப் படிப்பு புதிதாக வந்திருந்தது. காலையில் சரித்திர வகுப்பு. மத்தியானம் படம் வரையும் கூடம். நாங்கள் மொத்தம் ஆறு பேர். சரித்திரத் துறைக்கு நாங்கள் பொழுதுபோகாமல் படம் போட வந்த பெண்கள். சித்திரத் துறைக்கு வருஷம் தேதி நெட்டுருப் போடுகிறவர்கள். "ரெண்டுங்கெட்டான் படிப்பு" என்று முகத்துக்கு நேரே சொன்ன ஆசிரியையும் உண்டு. எங்கள் பெயர்கள் சித்திரத் துறைப் பதிவேட்டில் இருந்ததால் லைப்ரரி சீட்டும் அந்த அலமாரிக்கு மட்டும்தான். சரித்திர அலமாரிப் புத்தகங்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். கேட்டால், "உங்களுக்கு நோட்ஸ் போதுமே" என்பார்கள்.

மூன்றாம் வருஷ முடிவில் ஒரு பெரிய தாள் கொடுக்க வேண்டும். பழைய சிற்பம் ஒன்றை நேரில் போய் அளந்து, அளவு பிசகாமல் வரைந்து, அதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். இரண்டு துறைக்கும் அதே தாள்தான். இரண்டு துறையிலிருந்தும் வெளியூர்ப் பரீட்சகர்கள் வருவார்கள். அந்தத் தாள் தேறாவிட்டால் பட்டம் இல்லை, அவ்வளவுதான். தாளின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் போடுவது வழக்கம். இடம், அளவு விகிதம், தேதி, வரைந்தவர், அளவு பிடித்தவர் என்று அதில் ஐந்து வரி. "அளவு நாடாவுக்கு ரெண்டு முனை. இன்னொரு முனையைப் பிடித்தது யார் என்று எழுதாத தாளை நான் தொடமாட்டேன்" என்று எங்கள் சரித்திர ஆசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார்.

எனக்கு அந்த இன்னொரு முனையைப் பிடித்தவர் என் அண்ணன்.

கல்லூரிக் கணக்குப்படி எனக்கு அண்ணனே கிடையாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். செங்கல்பட்டில் கடைகளுக்கு போர்டு எழுதுகிறவர். சைக்கிள் கடை, ஜவுளிக்கடை, மருந்துக்கடை என்று பஜாரில் பாதி போர்டு அவர் கையால் எழுதியது. தமிழும் இங்கிலீஷும் ஒரே அழகாக வரும். போர்டு எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்வதுபோல் வலது மூலையில் எறும்பு அளவு எழுத்தில் தன் பேரைப் போடுவார். பஜாரில் நடக்கும்போது நான் கடைப் பேரைப் பார்க்கமாட்டேன். எறும்பைத்தான் தேடுவேன்.

நான் ஹைஸ்கூலில் இருந்தபோது அவர் மணிக்கட்டில் வெளுப்பாக ஒரு தேமல் வந்தது. தேமல் இல்லை, பெருவியாதி, குஷ்டம். ஊருக்கு வெளியே இருந்த ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் இருந்தார். புது மாத்திரைகள் வந்திருந்த காலம். வியாதி நின்றது. கிருமி இல்லை, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டோடு வீட்டுக்கு வந்தார். ஆனால் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிப்போயிருந்தன. உள்ளங்கையில் உணர்ச்சி கிடையாது. சூடு, குளிர், முள் எதுவும் தெரியாது. மீதி மூன்று விரலில் பிரஷ்ஷைப் பிடித்து எழுதினார், முன்னைப் போலவே எழுதினார். கடைக்காரர்கள்தான் முன்னைப் போல் இல்லை. கடைசியில் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் தகரத்தை வாங்கி வந்து எங்கள் வீட்டுப் பின்பக்கம் வைப்பார். எழுதி முடித்ததும் எடுத்துப்போய்க் கொடுப்பார். எழுதியது யார் என்று கடைக்காரர்களுக்குத் தெரியக்கூடாது. அதனால் மூலையில் பேரும் இல்லை.

எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா கோர்ட்டில் டவாலி, ஜட்ஜுக்கு முன்னால் நடக்கிற சேவகர். அவருடைய அப்பா காலம் வரைக்கும் கருங்குழிப் பக்கம் ஊரார் நிலத்தில் கூலி வேலை. வெள்ளைக் கோட்டும் பித்தளை வில்லையும் போட்ட பிறகு நைனா கூலி என்ற சொல்லையே வீட்டுக்குள் விடவில்லை. நானோ அண்ணனோ வாய்தவறிச் சொன்னால், "அந்தப் பேச்சு நம்ம வூட்ல வாணாம்" என்பார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான். அதுதான் இன்னும் பயமாக இருக்கும்.

கல்லூரி ஹாஸ்டல் பாரத்தில் உடன்பிறந்தவர்கள், குடும்பத்தில் தொற்றுநோய் என்று இரண்டு கேள்விகள் இருந்தன. நைனா இரண்டுக்கும் "இல்லை" என்று எழுதச் சொன்னார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். என் பேனா நகரவில்லை.

"எழுதிக்கோ. வெறும் காயிதம்தானே. காயிதத்துல இல்லன்னா ஆளு இல்லாம பூடுவானா?" என்றார் நைனா.

"நைனா சொல்றது சரிதான் பாப்பா. இருக்கறேன்னு எழுதினா ஆஸ்டல்ல சேத்துக்க மாட்டாங்க" என்றார் அண்ணன், தலை நிமிராமல்.

எழுதினேன்.

இரண்டாம் வருஷம் முடிந்த மே மாத லீவில் அளக்கப் போனோம். மாமல்லபுரத்தில் எல்லோரும் போகிற கோயில்களை மற்ற ஐந்து பேரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது ஊருக்கு ஒதுப்புறமாக ஒரு பாறையில் பாதியில் விட்ட யானை வரிசை. மேலே ஒரு கிளை இல்லை, நிழல் இல்லை. கொஞ்சம் தள்ளி மீன்காரர்கள் வலை உலர்த்துவார்கள். முதல் நாள் இருவரும் பஸ்ஸில் கிளம்பினோம். திருக்கழுக்குன்றத்துக்கு முன்னாலேயே கண்டக்டர் அண்ணன் கையைப் பார்த்துவிட்டார்.

"அண்ணாத்த, எறங்கிக்கோ. பேஜாரு பண்ணாத, மத்தவங்கல்லாம் கேக்கறாங்க."

சட்டைப்பையில் டாக்டர் சீட்டு இருந்தது. அண்ணன் எடுக்கவில்லை, இறங்கிக்கொண்டார். நானும் கூடவே இறங்கினேனா? இல்லை. "நீ போ பாப்பா, நடந்து வந்துடறேன்" என்றார், போய்விட்டேன். மறுநாளிலிருந்து அவர் விடியும் முன் சைக்கிளில் கிளம்பிப் பதினெட்டு மைல் மிதித்து வருவார். நான் பஸ்ஸில் போய் இறங்கும்போது பாறையடியில் உட்கார்ந்திருப்பார்.

மேலோட்டமாகச் செதுக்கிய சிற்பத்தின் வரம்பு காலையில் தெரியாது. உச்சிவெயில் மேலிருந்து விழுந்தால்தான் கோட்டுக்கடியில் மெல்லிய நிழல் கட்டும். அதனால் பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரைதான் எங்கள் வேலை. நான் ஸ்டூலில் ஏறி நின்று நாடாவின் மேல்முனையைப் பிடித்து எண்ணை நோட்டில் எழுதுவேன். அண்ணன் கீழே முட்டி போட்டு, நாடா நுனியிலிருந்த பித்தளை வளையத்தைப் பாறை விளிம்போடு உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். கீழ்முனை நூல் அளவு நகர்ந்தாலும் எல்லாம் தப்பாகிவிடும். "அசையாதே, அசையாதே" என்று நான் கத்திக்கொண்டே இருப்பேன். அவர் அசையவே இல்லை. அந்த மாதிரி ஒரு பிடி வேறு யாருக்கும் கிடைத்திருக்காது என்று எனக்குப் பெருமைகூட.

ஒருநாள் கட்டுச்சோறு சாப்பிடும்போது கேட்டார்.

"அந்தக் கட்டத்துல இன்னா எழுதுவ பாப்பா?"

"அளவு பிடித்தவர்னு போட்டு உன் பேருதான்."

"இங்கிலீஷ்லயா?"

"ஆமா, எல்லாமே இங்கிலீஷ்லதான்."

"இனிஷியலோட போடு. மொதல்ல பென்சில் கோடு போட்டுக்கோ, உன் எழுத்து எப்பவும் சரிஞ்சிகினு போவும்." சோற்று இலையை மடித்து வைத்தார். "நான் ஒரு எடத்துல பேரு போட்டு அஞ்சு வருசம் ஆவுது" என்றார். பிறகு, நான் பாஸ் பண்ணியதும் வீட்டு வாசலுக்கு என் பேரும் பி.ஏ.வும் போட்டு ஒரு போர்டு எழுதப்போவதாகவும், அதற்குத் தகரம் வெட்டி வைத்துவிட்டதாகவும் சொன்னார். "நம்ம வூட்டு போர்டு. மூலையில என் பேரு போட்டுக்கினா யாரு கேப்பாங்க?"

ஆறாம் நாள் நல்ல கத்திரி வெயில். பாறையில் கால் வைக்க முடியவில்லை. ஸ்டூல் பலகையே கொதித்தது. நான் ஒரு கோணியைத் தண்ணீரில் நனைத்து என் காலுக்கடியில் போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போது எனக்கு என்னைப் பிடரியில் அறையத் தோன்றுகிறது. என் காலுக்குக் கோணி போடத் தெரிந்தது. நெருப்பாய்க் காய்ந்த பாறையோடு பித்தளை வளையத்தை அழுத்திக்கொண்டு கீழே ஒரு கை இருக்கிறது, அந்தக் கைக்குச் சூடு தெரியாது என்று ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். வீட்டில் அவர் உலையிறக்கப் போனால் ஓடிப்போய்ப் பிடுங்குகிறவளே நான்தான். அன்றைக்கு நாலு மணி நேரம் எனக்கு யானைத் தும்பிக்கையின் வளைவு ஒன்றுதான் கண்ணில் இருந்தது.

வேலை முடிந்து அண்ணன் கையை எடுத்தபோது வளையம் கூடவே வந்தது. உள்ளங்கையிலிருந்து ஆள்காட்டி விரல் அடிவரை தோல் வெந்து உரிந்திருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்ப ஆச்சு?" என்றார், என்னைத்தான் கேட்டார்.

நான் அழுதேன். அவர் இடதுகையால் துண்டைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, "வலிக்கல பாப்பா, வலிச்சாதானே? இன்னும் ரெண்டு யானைதான், முட்சிடலாம்" என்றார். மறுநாளும் அதற்கு மறுநாளும் இடதுகையால் பிடித்தார். பதினெட்டு மைல் அந்தக் கையோடு சைக்கிள் மிதித்தார். அளவு முழுசாக முடிந்தது. புண் சீழ் வைத்து எலும்புக்குப் போய்விட்டது. ஜூன் மாதம் ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலை எடுத்தார்கள். பிரஷ் பிடிக்கிற விரல்.

நான் மூன்றாம் வருஷத்துக்குக் கிளம்பிப் போனேன். அந்த வருஷம் முழுக்க அந்தத் தாளை வரைந்தேன். கட்டத்தில் நாலு வரி நிரப்பிவிட்டு ஐந்தாவதை மட்டும் விட்டுவைத்தேன். பேரை எழுதினால் யார் என்று கேட்பார்களே என்று பயம். கடைசி நாள் எழுதிக்கொள்ளலாம், யாரோ ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று என்னையே சமாதானம் பண்ணிக்கொண்டேன். கடைசி நாளும் எழுதவில்லை, ஆசிரியையிடம் காட்டாமலே பரீட்சை அறைக்குக் கொண்டுபோனேன்.

பரீட்சை அறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சித்திரப் பரீட்சகர் தாளைக் கொஞ்ச தூரத்தில் பிடித்துப் பார்த்து, கோடுகள் நன்றாக வந்திருக்கின்றன, ஆனால் இந்த அளவு எண்கள் கண்ணை உறுத்துகின்றன, இவை இல்லாமலே வரைந்திருக்கலாமே என்றார். சரித்திரப் பரீட்சகர் பையிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். வெள்ளைக்காரன் காலத்து அறிக்கை. என் யானைகள் அதில் இருந்தன. நீளம், உயரம், தும்பிக்கை வளைவு, அங்குல சுத்தமாக எல்லா அளவுகளும் அச்சில் இருந்தன.

அது எங்கள் கல்லூரி லைப்ரரியிலேயே இருந்த புத்தகம்தான். கண்ணாடிக்குப் பின்னால் அதன் முதுகை மூன்று வருஷம் பார்த்திருக்கிறேன்.

"உன் அளவுகள் இதோடு அப்படியே ஒத்துப்போகின்றன. இதைப் பார்த்து எழுதினாயா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"இல்லை சார். நானே அளந்தேன்."

"பதினோரு அடியைத் தனியாக அளக்க முடியாது. இந்த வரி காலியாக இருக்கிறதே, நாடா பிடித்தது யார்?"

வாயில் அண்ணன் பேர் வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. பரீட்சகர் விடாமல், "அந்த ஆள் யாரானாலும் நாளைக்கு அழைத்து வா. இந்த அறைக் கதவை இரண்டு பேருமாக அளந்து காட்டுங்கள். நம்புகிறேன்" என்றார்.

அண்ணன் அந்த அறைக்குள் வருவதை நினைத்துப் பார்த்தேன். முதலில் கையைப் பார்ப்பார்கள். பிறகு ஹாஸ்டல் பாரத்தை எடுப்பார்கள். மூன்று வருஷம் என்னோடு ஒரே பாத்திரத்தில் சோறு எடுத்த பெண்களின் முகம் எப்படி மாறும் என்றுகூட நினைத்துவிட்டேன்.

"கூலியாள் சார். அங்கேயே கூப்பிட்டுக்கொண்டேன். பேர் தெரியாது" என்றேன்.

அவர் என் அளவு நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். வியர்வையில் மை கரைந்த பக்கங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் மஞ்சளாகக் காய்ந்த கறை இருந்தது. அதை விரலால் தடவினார். வெந்த பிறகு அண்ணன் அந்தக் கையால் தாங்கிப் பிடித்த பக்கம் அது. என்னவென்று கேட்கவில்லை. "சரி, இது வெயிலில் எழுதிய நோட்டுதான். நம்புகிறேன்" என்று மூடிவைத்தார். பிறகு பேனாவை என் பக்கம் தள்ளினார். "கட்டத்தை நிரப்பிக் கொடு. காலியாக விடுவது முறையில்லை."

நின்ற வாக்கில் எழுதினேன். அளவு பிடித்தவர் என்ற வரிக்கு எதிரே, Coolie என்று இங்கிலீஷில். நைனா வீட்டுக்குள் விடாத சொல்லை, அவர் மகனுக்குப் பேராக வைத்துவிட்டு வெளியே வந்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். ஒருவேளை ஒன்றுமே ஆகியிருக்காது. அதுதான் தாங்கவில்லை.

கல்லூரி முடிந்து தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூலையை வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். வெட்டினால் ஏன் வெட்டினாய் என்று அண்ணன் கேட்பார். எங்காவது ஒளித்துவைக்கலாம் என்று தகர உருளைக்குள் போட்டு மூடிக் கொண்டுவந்தேன். செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு அண்ணன் சைக்கிளோடு வந்திருந்தார். உருளையைத்தான் முதலில் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து நான் கைகால் கழுவிவிட்டு வருவதற்குள் தரையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு பெயிண்ட் டப்பா வைத்திருந்தார். மண்டியிட்டு ஒவ்வொரு யானையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலது கீழ் மூலைக்கு வந்து சேர்ந்தார். எழுத்து எழுதுகிறவர், இங்கிலீஷ் எழுத்து அவருக்குத் தெரியாததா?

அந்த மூலை டப்பாவை நகர்த்திவிட்டுக் குனிந்து படித்தார்.

"ரெண்டு ஓவும் ஒரே சைசா இல்ல பாப்பா" என்றார். "பென்சில் கோடு போட்டுக்கோன்னு சொன்னேன் இல்ல?"

டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, தாளை இடதுகையாலும் வலது மணிக்கட்டாலும் உருட்டி உருளைக்குள் போட்டார். நைனாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடமும் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. "அண்ணா" என்று நான் ஆரம்பித்தபோதெல்லாம், "சாப்ட்டியா?" என்று கேட்டு எழுந்துபோனார்.

ரிசல்ட் வந்தது. பாஸ். அண்ணன் அந்தத் தகரத்தை எடுத்துக் கறுப்பு எனாமல் அடித்துக் காயவைத்தார். பிரஷ்ஷை மணிக்கட்டில் நூலால் இறுகக் கட்டிக்கொண்டு, ஒருநாளைக்கு ஒன்றிரண்டு எழுத்தாக எழுதினார். பத்துப் பதினைந்து நாள் ஆயிற்று. என் பேர், பக்கத்தில் பி.ஏ. எழுத்துகள் கொஞ்சம்கூடச் சரியவில்லை. மாட்டுகிற அன்றைக்கு நான் கிட்டப்போய் வலது மூலையைப் பார்த்தேன். அடிப்பக்கமும் பார்த்தேன். எறும்பைக் காணோம்.

"உன் பேரு போடலியே அண்ணா?" என்றேன்.

"கூலியாளு எங்கயாவது பேரு போடுவானா பாப்பா?" என்றார்.

குரலில் கோபம் இல்லை. ஆணியைப் பல்லில் கவ்விக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறினார். ஸ்டூல் ஆடியது, பிடித்துக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.